நாற்பதாம் வரிக்கு மேலே

மஞ்சக்குப்பம், ஜெராக்ஸ் கடைக்கு மாடி.
மின்விசிறி மூன்றாம் எண்ணில் மட்டும் சுற்றும்.
உப்பனாற்று முகத்துவாரத்தில் பதினான்கு மாதம்
பாட்டில் பாட்டிலாக மொண்டுவந்த தண்ணீர்
இப்போது இரண்டு லாடெக் கோப்புகள்:
மார்ச்சில் நான் அனுப்பியது,
நேற்று கலியவரதன் திருப்பியது.

மதிப்பீட்டாளர் கேட்டது ஒன்றுதான்,
எது போனது, எது வந்தது, நிறம் போட்டுக் காட்டு.
அதற்கொரு நிரல் இருக்கிறது.
போனது சிவப்பு, குறுக்கே கோடு.
வந்தது நீலம், அடியில் அலை.

ஓட்டினேன்.
நானூற்றுப் பன்னிரண்டாம் வரியில் நின்றது,
அடைப்புக்குறி மூடவில்லையாம்.
அட்டவணைக்குள் கோடு போடப்போய்
தானே கட்டத்தை உடைத்துக்கொண்டு
என்னைக் குற்றம் சொல்கிறது.
அட்டவணைப் பக்கம் போகாதே என்றேன்.
சரி, இனி அதற்குள் மாறிய எண்கள்
மாறாதவை மாதிரியே உட்கார்ந்திருக்கும்.

மறுபடி.
மூன்றாம் பிரிவில் இருந்த ஒரு பத்தியை
ஐந்துக்குக் கொண்டுபோயிருக்கிறான்,
ஓர் எழுத்துகூட மாற்றாமல்.
இங்கே செத்தது, அங்கே பிறந்தது என்கிறது நிரல்.
வீடு மாறியதைச் சொல்ல
அதனிடம் நிறம் இல்லை.

சமன்பாட்டில் ஒரு கழித்தல் கூட்டலாகியிருந்தது.
ஆறு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது,
இப்போது கடல் ஆற்றில் ஏறுகிறது.
அதற்கும் நீலம்.
'ஆகவே'க்குப் பின் அவன் வைத்த காற்புள்ளிக்கும்
அதே நீலம்.

தேவனாம்பட்டினம் படத்தில்
கரைக்கோடு இருபது மீட்டர் ஊருக்குள் நகர்ந்திருக்கிறது.
கோப்பின் பெயர் பழையதுதான்,
எனவே மாற்றம் ஏதுமில்லை.

இதெல்லாம் தெரிந்ததுதான், கையால் சரிசெய்துவிடுவேன்.
இரண்டு மணிக்கு, சும்மா,
ஆவணம் தொடங்கும் நாற்பதாம் வரிக்கும் மேலே போனேன்.
எழுத்தின் அளவு, பக்க ஓரம்,
உப்புக்கு நாங்கள் வைத்த குறியீடு.
நிரல் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

முப்பத்தெட்டாம் வரி.
ஆசிரியர்கள்: இரா. கலியவரதன், சு. அஞ்சுகம்.
மார்ச்சில் அஞ்சுகம் முதலில் இருந்தாள்.

வரிக் கடைசியில் ஒரு சதவீதக் குறி.
அதற்குப் பின், அவன் தட்டியது:
அஞ்சுகத்திடம் கேட்கணும்.
சதவீதத்துக்குப் பின் எழுதுவது அச்சில் வராது.

மறந்தானா,
நான் இவ்வளவு மேலே வரமாட்டேன் என்று நினைத்தானா,
கேட்டாயிற்று என்றே நம்பிவிட்டானா.
இரண்டு கோப்புகளையும் எப்படி அடுக்கிப் பார்த்தாலும்
இம்மூன்றுக்கும் வித்தியாசம் கிடைக்காது.

பதில் கடிதத்தில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன்,
'செய்த திருத்தங்கள் அனைத்தும் நிறமிட்டுக் காட்டப்பட்டுள்ளன.'
அந்த வாக்கியத்துக்கு முன்னால்
ஒரு சதவீதக் குறி வைத்தேன்.

பிறகு போனை எடுத்தேன். மணி மூன்றரை.
இன்று மாதிரி எடுக்கும் முறை அவனுடையது.
மூன்றாம் ஒலியில் எடுத்தான்.
பின்னால் முதுநகர்ப் படகுகளின் மோட்டார்.
சொல்லு, என்றான்.