பதினோரு தவணை

என்னைக் கூப்பிட்டது கணக்குக்காக.
அழுகைக்கு வேறு சாட்சிகள் இருந்தார்கள்.

பரானா ஆற்றங்கரைக் குளிர்பெட்டி ஆலை.
எழுபத்தாறு, ஜூன்.
பெயிண்ட் பிரிவில் ஸ்ப்ரே பிடித்த டெல்ஃபோர் ஸார்கோவை
ஷிஃப்ட் முடிந்த வாசலில் ஏற்றிக்கொண்டு போன வேன்
ஆலையுடையது.
சாவி தந்தவர், டீசல் போட்டவர்,
ரிஜிஸ்டரில் இரண்டு கையெழுத்து.
“நாற்பது லிட்டர். பொது உபயோகம்.”

அடையாள அட்டைப் படங்கள் பன்னிரண்டு
பிரதியெடுத்து ராணுவத்துக்கு அனுப்பிய செலவு
எழுதுபொருள் தலைப்பில் கிடந்தது.
விருந்தினர் விடுதியின் மின்கட்டணம்
அந்த மாதம் மூன்று மடங்கு.
விடிய விடிய விளக்கு, விடிய விடிய ரேடியோ.
வேறென்ன ஓடியதென்று மீட்டர் சொல்லாது.
நானும் சொல்லவில்லை,
மூன்று மடங்கு என்றேன்.
நீதிபதி பேனாவை மூடிவைத்தார்.

இது உரிமையியல் வழக்கு.
விலங்கில்லை, சிறையில்லை. தொகைதான்.
சட்டத்தின் கண்ணுக்குக் கம்பெனியும் ஓர் ஆள்:
சொத்து வாங்கலாம், வழக்காடலாம்,
பெயர் மாற்றிக்கொள்ளலாம்
(இரண்டு முறை மாற்றிக்கொண்டது).
கட்டுவதற்கு மட்டும் அதற்குக் கண் இல்லை.

“அந்தக் கம்பெனி வேறு, நாங்கள் வேறு”
என்றார் அவர்கள் வக்கீல்.
அவர் கோப்பின் மேலட்டையில்
அதே பனிக்கட்டி, அதே பென்குயின்.

நான் நிரப்ப வேண்டியவை:
மாதச் சம்பளம், ஓவர்டைம்,
ஓய்வு பெறும் வயதுவரை எத்தனை வருடம்.
இறந்த தேதி என்றொரு கட்டம்.
ஆலையிடம் ஒரு தேதி இருந்தது.
ஜூன் இருபத்தொன்று:
“சொல்லாமல் நின்றதால் வேலைநீக்கம்.”
வீட்டுக்குத் தந்தி.
தந்திச் செலவு, சம்பள பாக்கியில் பிடித்தம்.

பிறகுதான் ஒடிலியா கைப்பையைத் திறந்தாள்.
ஊழியர் தள்ளுபடியில் வாங்கிய குளிர்பெட்டி.
பதினெட்டுத் தவணை.
ஏழுவரை அவன் கையெழுத்து,
எட்டிலிருந்து இவளுடையது.
மாதாமாதம் அதே வாசலுக்குப் போயிருக்கிறாள்.
இடது ஜன்னலில் கணவனைக் கேட்பாள்,
“தெரியாது” என்பார்கள்.
வலது ஜன்னலில் பணம் கட்டுவாள்,
ரசீது தருவார்கள்.

அதற்குப் பின் இந்த நாட்டில்
பணம் மூன்று முறை செத்துப் பிறந்தது.
அரசு வெட்டியெறிந்த சைபர்களைக் கூட்டினால்
அதுவும் பதினொன்று.
எதிர்த்தரப்பு நிபுணர் கால்குலேட்டரைத் தட்டினார்:
முகமதிப்பில் அந்தத் தவணைகள்
இன்று ஒரு சென்டாவோவும் தேறாது.
சரியான விடை.
வீட்டுக்குப் போய் நானும் போட்டுப் பார்த்தேன்,
இரண்டு தடவை.

இழப்பீடு என்று எழுதுகிறோம்.
இழப்பு வந்துவிடுகிறது.
மிச்சமிருக்கும் அந்த இரண்டெழுத்துக்குத்தான்
நாற்பது பக்க அறிக்கை, இணைப்புகள், என் கட்டணம்.

தீர்ப்பு வந்தது. பொறுப்பு உண்டு.
வேன் கொடுத்ததும் படம் கொடுத்ததும் இடம் கொடுத்ததும்
வியாபாரம் அல்ல, உடந்தை.
தொகை பெரியது. சைபர்கள் திரும்பி வந்திருந்தன.
கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறது.

படிக்கட்டில் நிருபர்கள் தொகையைப் பற்றிக் கேட்டார்கள்.
ஒடிலியா, எழுபத்தொன்பது வயது,
என் பக்கம் திரும்பினாள்:
ரசீதெல்லாம் எப்போது கையில் வரும்?
பதினொன்றை வைத்துக்கொள்ளட்டும்,
முதல் ஏழு வேண்டும்.
கடைசி எழுத்தைச் சுழித்து
மேலே தூக்கிப் போடுவான் அவன்.

விசாரித்தேன்.
ஆவணம் எண் முப்பத்தொன்று.
மேல்முறையீடு முடியும்வரை
தரமுடியாதாம்.