வலது பக்கத்துக்கு மட்டும்

பச்சை விளக்கு விழுந்ததும் ஆரின் கிளட்சை விட்டான்.
கார் போகவில்லை. சத்தம் மட்டும் போனது.

கட்டி இழுத்துவந்து என் கொட்டகையில் போட்டார்கள்.
வலது பின்னச்சை உருவினேன்.
ஒடிந்த துண்டில் முப்பது பல்லும்
ஒரே பக்கமாய் முறுக்கிக்கொண்டு நின்றன.
நான்கு வருடம் நாங்களும் அப்படித்தான் நின்றோம்,
ஒடிவதற்கு முன்.

நீதிமன்றம் எல்லாவற்றையும் பிரித்தது.
வீடு அவனுக்கு. நாய் எனக்கு.
உறைபெட்டியில் இருந்த மான்கறிகூட
பவுண்டு கணக்கில்.
அறுபத்தெட்டாம் வருடத்து பிளிமத்தை மட்டும்
அறுத்துக் கொடுக்க முடியாது,
உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள் என்றார் நீதிபதி.
பேசுவதற்கு அச்சு உடைய வேண்டியிருந்தது.

போனில் அவன்: "பால் பேரிங் வாங்கு, மார்லிஸ்.
கிரீஸை உள்ளே வைத்து மூடியே வரும்.
பூட்டினோமா, மறந்தோமா என்று இருக்கலாம்.
அந்தந்தச் சக்கரத்தின் பாரம் அந்தந்தச் சக்கரத்துக்கு.
நடுவில் இருக்கும் கட்டையைக்கூட எடுத்து எறிந்துவிடலாம்."

கால் மைல் நேர்க்கோட்டில் வாழ்கிறவனுக்கு
அது சரிதான்.
நான் பெக்லி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள்.
இரவுப் பணிக்குப் போகும் பதினெட்டு மைலில்
நேரான இடம் என்று பார்த்தால்
பெட்ரோல் பங்க் வாசலில் கொஞ்சம்.
மிச்சமெல்லாம் மலை வைத்ததுதான் சட்டம்.
எதிரே நிலக்கரி லாரி,
இந்தப் பக்கம் பள்ளம்.

எலும்பில் மயிர்க்கோடு தேடிப் பழகிய கண்ணுக்கு
இடது அச்சும் தப்பவில்லை.
பேரிங் உட்காரும் இடத்துக்கு அருகில்
நகக்கீறல் போல ஒன்று.
"அது நல்லாத்தானே இருக்கு" என்றான்.
எல்லா நோயாளிகளும் அப்படித்தான் சொல்வார்கள்.

ஒஹையோவில் பாகங்கள் விற்கும் ஸ்டிடம்
அவசரப்படாத மனிதர்.
முப்பத்தைந்து பல் போடலாமா என்றேன்.
"தாராளமாக. நடுவில் இருப்பதையும் சேர்த்து மாற்றவேண்டும்."
என் வங்கிக் கணக்கு நடுவில் வந்து நின்றது.
சரி, முப்பதே இருக்கட்டும், எஃகு மட்டும் உயர்ந்ததாய்.
"பேரிங்? வண்டியை நேராக ஓட்டுவீர்களா, வளைத்தா?"
ஒன்பது வருடம் அந்தக் காரில் உட்கார்ந்திருக்கிறேன்,
யாரும் என்னைக் கேட்டதில்லை.
"வளைத்து" என்றேன்.

"அப்படியானால் கூம்பு உருளை.
ஆனால் ஒன்று, அம்மா,
இரண்டு அச்சும் நடுக்கட்டையில் முட்டிக்கொள்ளும்.
ஒரு பக்கம் நெருக்கினால் மறுபக்கம் தாங்கும்.
நடுவே ஆயிரத்தில் பன்னிரண்டு அங்குலம் விடுங்கள்.
கூடினால் தட்டும். குறைந்தால் சூடேறிப் பிடிக்கும்.
திருத்தும் வளையம் வலது பக்கம் மட்டும்."

ஆரின் தன் பாதிக்குக் காசோலை அனுப்பினான்.
சென்ட் பிசகாமல்.
குறிப்புக் கோட்டில் அவன் கோணல் எழுத்து:
வலது பக்கத்துக்கு மட்டும்.
கோபத்தில் எழுதியதா, வேடிக்கைக்கா, தெரியவில்லை.
இரண்டு நாள் நாய்க்குப் படித்துக் காட்டினேன்.

சனிக்கிழமை பூட்டினேன்.
அளவுமானியின் முள் பதினொன்றில் நின்றது, பிறகு பத்து,
பிறகு நான் மூச்சுவிட்டதும் பன்னிரண்டு.
மூச்சை நம்பி வளையத்தைப் பூட்டிவிட்டேன்.

பதினெட்டு மைல். ஓட்டுபவர் இருக்கையில் நான்.
வலப்பக்க இருக்கையில் என் சாப்பாட்டுப் பை.
ஒரு வளைவுக்கும் வண்டி முனகவில்லை.
மருத்துவமனை வண்டி நிறுத்தத்தில் குனிந்து
சக்கரங்களின் நடுவே கை வைத்தேன்.
இடது வெதுவெதுப்பு.
வலது, காய்ச்சல் என்று சொல்ல முடியாது,
ஆனால் படம் எடுத்துப் பார்க்கலாம் என்போமே, அந்த அளவு.

அவனுக்குச் செய்தி அனுப்பினேன்:
உன் பக்கம் சுடுகிறது. ஒரு பல் தளர்த்தணும்.

இரவு முழுக்க யார் யாருடைய விலா எலும்புகளோ.
நாலு மணிக்குப் பதில் வந்திருந்தது:

அந்த வளைந்த ஸ்பேனர்
உன்னிடமா, என்னிடமா?