முதலில் சாவி

தள்ளுவண்டியைத் தொடுவதற்கு
ஒரு முறை இருக்கிறது:
முதலில் சாவி, பிறகு கை.
பொறி சாவி நுனியைக் கடித்துவிட்டுப் போய்விடும்,
விரல் தப்பும்.
சொல்லித்தந்தவள் மரிவிக்.
அதற்குள் மூன்று கிழமை
கடி வாங்கி முடித்திருந்தேன்.

வின்னிபெக், இங்க்ஸ்டர் பக்கம்,
ஜன்னல் இல்லாத கொட்டகை.
வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய போர்வைகள்
இங்கேதான் வந்து சேரும்.
மஞ்சள் பிடிக்கவில்லை. நீளம் போதவில்லை.
நாய் அதில் படுக்க மாட்டேன் என்கிறது.
பிரித்து, முகர்ந்து, உதறி, மடித்து
மறுபடி உறைக்குள் போட வேண்டும்.
நாளுக்கு நானூறு போர்வை மடிக்கிறவளுக்கு
விறைக்கிறது என்றால்
என் மகளே நம்பமாட்டாள்.

உதறும்போது
எண்ணெயில் கடுகு போட்ட சத்தம்.
விளக்குப் பழுதான மூலையில்
நீலமாய்க்கூடத் தெரியும்.
டேப் துப்பாக்கியைக் கைமாற்றும்போது
நானும் மரிவிக்கும்
ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வோம்.
வீட்டுக்குப் போனாலும்
தண்ணீர்க் குழாயைத் தொட்ட பிறகுதான்
பிள்ளையின் கன்னம்.

குளிர் வேறு மாதிரி. அது அடிக்காது.
சரக்குக் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும்
கணுக்காலில் ஏறி உட்கார்ந்து
ஷிஃப்ட் முடியும்வரை இறங்காது.
இரண்டு காலுறை போட்டால் சப்பாத்து இறுகும்,
இறுகினால் இன்னும் விறைக்கும்.
கையுறை போட்டால் ஸ்டிக்கர் உரியாது,
கிறீம் பூசினால் ஒட்டாது.
வெடித்த பெருவிரலுக்கு நான் கண்ட மருந்து
சுப்பர் குளூ.
சிரிக்காதீர்கள், இரண்டு நாள் நிற்கும்.

சூட்டைக் கூட்டும் பெட்டி சுவரில்.
பெட்டிக்கு மேல் பிளாஸ்டிக் கூடு,
கூட்டுக்குப் பூட்டு,
சாவி டார்சியின் மேசையில்,
மேசைக்குக் கீழே
டார்சிக்கு மட்டும் ஒரு ஹீட்டர்.

ஒரெஸ்ட்தான் கண்டுபிடித்தான்.
வெளியே போய் ஒரு பை பனி அள்ளிவந்து
கூட்டின் மேல் வைத்தான்.
தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்?
பெட்டிக்குத் தெரிந்தது.
எங்கேயோ உறுமி, தூசி மணக்க,
கூரைக் குழாய்களால் சூடு இறங்கியது.
ஒன்பது நாள்
மனிதர்போல் வேலை செய்தோம்.
மரிவிக் பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

பத்தாம் நாள் தரையில் தண்ணீர்.
டார்சி வந்து நின்று பார்த்தான்.
ஒரெஸ்ட் ஒன்றும் சொல்லவில்லை,
கூரையை மட்டும் அண்ணாந்து பார்த்தான்.
டார்சியும் பார்த்தான்.

அடுத்த நாள் மைனஸ் முப்பத்தொன்று.
ஏணி வைத்து ஒருவன் மேலே ஏறினான்.
இரண்டு மணித்தியாலம்
எங்கள் தலைக்கு மேலே
நடந்தான், குந்தினான், தட்டினான்.
இல்லாத ஓட்டையைத் தேடுகிற காலடி
கேட்கக் கேட்க
மடித்த போர்வையையே திரும்ப மடித்தேன்.
அன்றைக்குப் பனி அள்ள
ஒருவருக்கும் கை வரவில்லை.

இறங்கி வந்தவனுக்கு விரல் மடங்கவில்லை.
படிவத்தில் கையெழுத்துப் போடப்
பேனை நிற்கவில்லை.
மரிவிக் ஒரு போர்வையை உதறிக்கொண்டு ஓடி
அவன் தோளில் போட்டாள்,
யாருக்கும் பிடிக்காத அந்த மஞ்சள்.
டப்பென்று அவன் காதுமடலில் வெடித்தது.
துள்ளினான்.
சிரிக்கக்கூடாத நேரத்தில் எங்களுக்குச் சிரிப்பு.
அவனும் சிரித்தான்.
ஓட்டை ஒன்றும் அகப்படவில்லை,
வசந்தத்தில் இன்னொருமுறை ஏறிப் பார்க்கலாம் என்றான்.

வாசல்வரை கூடவே போனேன்.
சொல்ல வேண்டியது தொண்டைவரை வந்தது.
அவன் வான் கதவுக்குக் கை நீட்டினான்.
முதலில் சாவி, என்றேன். பிறகு கை.

தெரியும், என்றான்.
நான் இந்த ஊரில் பிறந்தவன்.