நான்கு பள்ளம்

பிளெவனுக்குக் கிழக்கே எங்கள் சூரியகாந்திக் கொல்லை.
இந்த வருஷம் ஆழ உழுதோம்.
கலப்பை கிளப்பியதில் பாதி கல்,
பாதி செம்பு.

செம்பு எல்லாம் தோட்டாக் கூடு.
ஒவ்வொன்றின் விளிம்பிலும் எதிரெதிரே இரண்டு பள்ளம்,
எலி கடித்துப் பார்த்து விட்டதுபோல.
அருங்காட்சியகத்து நெய்கோ கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்:
"நெம்புகோல் துப்பாக்கி.
துருக்கியர் அமெரிக்காவில் வாங்கியது.
ஊசிக்கு இரண்டு முனை;
ஒன்று ஏமாற்றினால் மற்றது கைகொடுக்கும்."

என் மண்வெட்டியைத் தோளில் சாய்த்து
நடித்தும் காட்டினார், அவ்வளவு தொப்பையோடு:
விரல் நுழைத்த வளையத்தைக் கீழே தள்ளு,
பூட்டு பின்வாங்கும், சுத்தியல் நிமிரும்,
வெந்த கூடு மேலே துள்ளும்.
குழலடியில் ஒன்றன்பின் ஒன்றாய்ப் படுத்திருப்பவற்றில்
முதலாவது எழுந்து வரும்.
வளையத்தை மேலே இழு,
அது உள்ளே போகும், கதவு சாத்திக்கொள்ளும்.
கீழே, மேலே.
அடிபம்பில் தண்ணீர் இறைப்பதுபோலத்தான்.

மேட்டில் ஏறி வந்த ரஷ்யப் பையன்கள்
ஒன்று சுட்டு, ஒன்று நுழைத்து,
மறுபடி ஒன்று சுட்டார்களாம்.
இங்கே ஆளுக்கொரு பெட்டி, மூடி திறந்தபடி.

அப்புறம் ஏன் ராணுவங்கள் இதைக் கைவிட்டன என்றேன்.
படுத்துச் சுட்டால் நெம்புகோல் தரையில் இடிக்கும்.
நின்று சுட அகழி வேண்டும்.
அகழி எங்கள் கொல்லையில் இருந்தது.

ஓரிடத்தில் மட்டும் நாற்பத்தொரு கூடு,
ஒரு முறத்துக்குள் அடங்கும் வட்டத்தில்.
நகராமல் நின்றிருக்கிறான்.
நாற்பத்திரண்டாவது வெடிக்காதது,
ஈயம் மூக்கு மழுங்காமல்.
சமையலறை மேஜையில் உருட்டிப் பார்த்தேன்.
விளிம்பில் நான்கு பள்ளம்.

நெய்கோ எதுவும் சொல்லவில்லை.
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே எனக்கு விளங்கியது:
ஒருமுறை அடித்தது, வெடிக்கவில்லை,
துப்பாக்கி அதைத் துப்பிவிட்டது.
பெட்டி காலி. குழல் காலி.
சேற்றில் துழாவி அதையே எடுத்து,
சட்டையில் துடைத்து, திரும்ப ஊட்டியிருக்கிறான்.
மறுபடி அடித்தது.
அதற்குப் பிறகும்
வளையத்தை ஒருதரம் தள்ளியிருக்கிறான்,
இல்லாவிட்டால் இது வெளியே கிடக்காது.

மருந்து இன்னும் உயிரோடிருக்கலாம் என்று
போலீஸ்காரர் மணல் வாளியோடு வந்தார்.
ரசீது தந்தார்: தோட்டா, ஒன்று.
பள்ளங்களுக்கு அதில் கட்டம் இல்லை.

மிச்ச நிலத்தையும் உழுதாயிற்று,
ஆழம் குறைத்து.