கடுகு

வாங்கிய அன்று சமையல் தராசில் அடங்கியது;
கடுகு என்று பெயர் வைத்தோம்.
ஐந்தாம் மாதம்
அதைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் ஏறி
என்னைக் கழித்தேன்: நாலரைக் கிலோ.
இன்னும் வளருமாம்.

தின்பது குதிரைமசால்.
பெயரிலேயே குதிரை இருக்கிறது,
விலையிலும்.
இளமாறன் மூட்டையை லிஃப்டிலிருந்து இறக்கும்போது
சட்டையெல்லாம் புல்.

கூண்டு சிறுத்தது. நாய்க்கு விற்கும் வேலியும் சிறுத்தது.
இப்போது
வாடகைக்கு விடவென்று வெள்ளையடித்த அறையில்
உறைந்த தண்ணீர்ப் புட்டியைக் கட்டிக்கொண்டு
பொங்கோல் மதியம் முழுக்கத் தூக்கம்.

ஏஜெண்ட்டோடு வந்த பெண்
வாசலிலேயே நின்றுவிட்டாள்:
“இவர் எப்போது காலி செய்வார்?”

கடுகு ஒரு காதை மட்டும் திருப்பிற்று.
பிறகு பின்னங்காலால்
தரைக்கு விட்டது ஓர் அறை.

கீழ்வீட்டிலிருந்து
துடைப்பக்கட்டை பதில் சொன்னது.