தரையிலிருந்து நாலரை இஞ்ச்

பேங்க் ஏலத்தில் முதலாளி எடுத்த வண்டி.
கொச்சி நம்பர். ரெண்டு கதவு, ரெண்டு சீட்டு,
செந்துளுவன் பழம் பழுத்து வெடிக்கப்போகும் நிறம்.
மார்த்தாண்டம் மேம்பாலத்தின் நிழல்
மத்தியானம் மூன்று மணிக்கு அதன்மேல் விழும்.
பதினாலு மாதமாய் விழுகிறது.

அருமனை ரப்பர் வியாபாரி குனிந்து பார்த்தார்,
வண்டிக்குள் அல்ல, வண்டிக்கடியில்.
"நாலரை இஞ்சுதானே கிடக்கு.
எங்க வீட்டு எறக்கத்துல எறங்கினா
பிறவு ஏறாது பிள்ளே."

குவைத்திலிருந்து வந்த செல்வின்ராஜ்
ஸ்டியரிங்கைப் பிடித்துக் கண்ணை மூடினான்,
ஒரு நிமிடம் எங்கோ போய்வந்தான்.
வெளியே அவன் மனைவி விரல்விட்டு எண்ணினாள்.
பிள்ளைகளோடு நாலு, மாமியாரோடு அஞ்சு.
ஏழு பேர் இருக்கிற வெள்ளை வண்டிக்கு
அன்றைக்கே அட்வான்ஸ்.

குழித்துறை பல் டாக்டர் ஒரு மாதம் போனில் பேசினார்.
டயர் விலை சொன்னேன்.
பிறகு கூப்பிடவில்லை.

எல்லோருக்கும் இப்போது உயரத்தில் இருக்கவேண்டும்,
குழியை மேலிருந்து பார்க்கவேண்டும்.
இதைப் பிடிக்காதவர் என்று ஒருவருமில்லை.
கல்லூரிப் பிள்ளைகள் சாய்ந்து நின்று
படமெடுத்துவிட்டு பஸ் ஏறிப் போகிறார்கள்.

பேட்டரி சாகாமலிருக்க வாரம் ஒருமுறை ஓட்டணும்.
போன ஞாயிறு, முதல் பூசைக்கு முன்னால், நானே எடுத்தேன்.
நாலு நொடியில் நூறு தொடும் என்று
தினமும் சொல்கிறவள் நான். தொட்டதில்லை.
குருசடி முன்னால் ஒரு வேகத்தடை,
கோயில் முன்னால் ஒன்று,
யாருக்கென்று தெரியாமல் இன்னொன்று.
ஒவ்வொன்றிலும் அடிவயிறு உரசியது,
அதற்கும் எனக்கும்.

நாலுவழிச் சாலை பாதி போட்டுக் கிடக்கிற இடம்.
தடுப்பில் ஒரு கார் நுழைய இடைவெளி.
உள்ளே ஈரம் காயாத புதுத் தார்.
மிதித்தேன்.
யாரோ என்னை சீட்டோடு சேர்த்து அறைந்தார்கள்.
தென்னைகளெல்லாம் ஒரே தென்னை ஆயின.
அறுபது
எண்பத்தைந்து
மண்மேடு, தார் டிரம், ஒரு ஆடு.
சாலை அவ்வளவுதான்.

திரும்பும்போது இரவிபுதூர்க்கடையில்
எம்-சாண்ட் ஏற்றிய டாரஸ் ஒன்று
ஹாரனடித்து என்னை முந்தியது.
கிளீனர் பையன் கை காட்டிச் சிரித்தான்.

திங்கட்கிழமை ஒருவர் வந்தார்.
"அந்தப் பொறத்த நிக்கிற ஆம்னி என்ன விலை?
இத கொஞ்சம் மாத்தி இடுங்க, மறைக்குது."

மாற்றி இட்டேன்.
முன்சக்கரத்தில் ஒட்டியிருந்த தாரை
மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன்,
முதலாளி வருவதற்குள்.