பிப்ரவரி முப்பது

சலவைக் கடையின் பின்சுவரில்
பலகையைப் பெயர்த்த அன்று கிடைத்தது.
ஒரு மூலையைக் கரையான் தின்று
ஏனோ அலுத்து நிறுத்தியிருந்தது.
நான்காய் மடித்த தாள்,
மடிப்புதோறும் நரைத்த கோடு.

இரும்புக்கை தாவீதும் கடாரத்துச் சிங்கம் உஜாகரும்
கழுத்தோடு கழுத்து பூட்டி நிற்கிறார்கள்,
பாடாங் செராய் பந்துத் திடலில்.
ஆண்டு இருந்த இடம் கரையானுக்குப் போய்விட்டது.
சிவப்பு மை மட்டும் நேற்று பூசியதுபோல்.

கறை என் தொழில்.
செம்பனை எண்ணெய், மீன் கறி, ரத்தம், கித்தாப் பால்,
எதற்கு எந்தத் தூள் என்று தூக்கத்திலும் சொல்வேன்.
உஜாகரின் தோளில் பழுப்பு வட்டம் ஒன்று.
ஈர விரலோடு அதன் அருகே போய்
பாதியில் இழுத்துக்கொண்டேன்.

சுங்கை பட்டாணியில் சட்டம் போடும் சியூ மெங்
அதை உள்ளங்கைகளில் வாங்கினார்,
பிறந்த குழந்தையை அல்ல,
சூடான தோசைக்கல்லை வாங்குவதுபோல்.
வெளுக்கலாமா என்று மலாயில் கேட்டேன்.
வெளுத்தால் அது உங்கள் கடைத் துண்டு என்றார்.

அமிலம் இல்லாத அட்டை.
கோதுமைப் பசை, ஜப்பான் தாளில் இரண்டு கீல்.
வெயிலை வடிகட்டும் கண்ணாடி.
கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே
சுண்டுவிரல் கனத்துக்குக் காற்று:
"தொட்டால் ஒட்டும், ஒட்டினால் உரியும்."
அறுநூற்று நாற்பது வெள்ளி.
என் நாலாம் நம்பர் உலர்த்தி
பதினாறு நாள் சுற்ற வேண்டும்.

"அடியில் கிழிசல். முகப்பு அட்டை
இரண்டு அங்குலம் மூடினால் சுத்தமாக இருக்கும்."
தாளின் மேல் வைத்த கண்ணாடித் துண்டில்
பென்சிலால் கோடு இழுத்தார்.
கோட்டுக்குக் கீழேதான் தமிழ்.

ஜாவியில், சீனத்தில், ஆங்கிலத்தில்
பிப்ரவரி இருபது, சனி, இரவு எட்டு மணி.
நாலாவதாக, பொடி எழுத்தில்,
நமக்கு மட்டும் முப்பது.

அச்சுக் கோத்தவன் கை
தூக்கக் கலக்கத்தில் பக்கத்துப் பெட்டிக்குப் போயிருக்கலாம்.
ஈப்போக்காரர் இரண்டாயிரத்து எண்ணூறு தருகிறேன் என்றது
அந்த ஒற்றை எண்ணுக்குத்தான்.
பிழை இருந்தால்தானே விலை, அக்கா.

முப்பதாம் தேதிக்கென்று
ஐம்பது காசை முந்தானையில் முடிந்தவர் உண்டா?
லயத்து நாட்காட்டியில்
இருபத்தெட்டைத் தாண்டி விரல் வைத்துத் தேடியவர்?
கிராணியிடம் போய்க் கேட்டு
வசை வாங்கித் திரும்பியவர்?
அல்லது ஒருவரும் ஏமாறவில்லை,
பார்த்துச் சிரித்துவிட்டு
இருபதுக்கே போய் முன்வரிசையில் குந்திவிட்டார்கள்.
அதற்கும் இடம் உண்டு.

என்ன எழுதியிருக்கிறது என்றார் சியூ மெங்.
சொன்னேன்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துச் சிரித்தார்.
பிறகு சிரிப்பு நின்றது.
ரப்பரை எடுத்துக் கோட்டை அழித்தார்.
"அப்படியென்றால் மூட வேண்டாம், மிதக்க விடலாம்.
நாலு ஓரமும் தெரியும், கிழிசலும் தெரியும்.
எண்பது வெள்ளி கூட."
இன்னும் இரண்டு நாள் உலர்த்தி.

கடையில் மாட்டாதே, நீராவி.
ஜன்னலுக்கு எதிரே கூடாது.
எங்கள் அடுக்குமாடியில்
மேற்குச் சுவர் வெயிலுடையது,
சமையலறைச் சுவர் தாளிப்பினுடையது,
குளியலறைச் சுவர் தண்ணீருடையது.
மிஞ்சியது வாசலுக்கும் மின்பெட்டிக்கும் இடையில்
ஒன்றரை முழ இருட்டு.
கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வரும் சவரிராஜ்
தினமும் தோளில் இடித்துக்கொண்டு
தாவீதைத் திட்டுகிறார்.

ஈப்போக்காரர் மாதம் ஒருமுறை அழைக்கிறார்.
மூவாயிரம் என்கிறார் இப்போது.
வாடகை நாளில் அந்த எண்ணை
நானும் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பதுண்டு.

பழுது பார்க்க வந்த மின்சாரப் பையன்
சட்டத்தின் முன் குனிந்து நின்றான்.
யார் ஜெயித்தது என்றான்.
இருபதாம் தேதி யாரோ ஜெயித்திருப்பார்கள், தம்பி.
கீழே உள்ள வரியில்
இன்னும் மணி அடிக்கவில்லை.

கண்ணாடியில் கை வைக்காதே என்றேன்.